ஒட்டிய படலத்தின் அசைவை எதைக் கொண்டு அளப்பது?

சிலிக்காவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாலிமர் படலம். அதன் கனம் ஒன்று முதல் பத்து நானோமீட்டருக்குள். அதிலுள்ள சங்கிலிகள் எவ்வளவு விரைவாக அசைகின்றன என்று தெரிய வேண்டும். துறையிலேயே இருக்கும் டி.எஸ்.சி. (சூடேற்றும்போது மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கருவி) போதுமா? திடநிலை என்.எம்.ஆருக்கு (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்கு) வெளியூரில் நேரம் கேட்பதா? படலத்தில் ஒளியைத் தெறிக்கவிட்டு அதன் கனத்தை அளக்கும் எலிப்சோமீட்டர் வைத்திருக்கும் இயற்பியல் துறையின் கதவைத் தட்டுவதா? அல்லது மின்முனை பூசக் கற்றுக்கொண்டு மாறும் மின்புலத்துக்குப் பாலிமர் எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்க்கும் டைஎலெக்ட்ரிக் நிறமாலைக்குப் போவதா? முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டிலேயே இந்த முடிவை எடுத்தாக வேண்டும். பிறகு மனம் மாறினால் மாதிரி தயாரிப்பிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். பெரும்பாலோர் எந்தக் கருவி பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கருவி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரிந்திருந்தால் அதிலும் தவறில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதிரி தூளாக இருக்கட்டும். முதலில் டி.எஸ்.சி., அதற்குப் பின் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) என்.எம்.ஆர். தட்டையான பரப்பு இல்லாமல் முடியாது என்கிற ஆய்வு என்றால் டைஎலெக்ட்ரிக். எலிப்சோமெட்ரி கனம் அளப்பதற்கு அருமையான கருவி. அசைவு அளப்பதற்கு அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இதற்கான காரணங்கள்தான் இந்தக் கட்டுரை.

எதை அளக்கிறோம்

பரப்பில் ஒட்டிய பாலிமர் சங்கிலி தன் முழு நீளத்துக்கும் ஒட்டுவதில்லை. சில துண்டங்கள் பரப்பைத் தொட்டுக்கொண்டு படுத்திருக்கும். இரண்டு தொடுமிடங்களுக்கு நடுவே சங்கிலி மேலெழும்பி வளையமாக நிற்கும். முனைகள் வால்களாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜெங்கலும் ரும்பாக்கும் 1951இல் முன்வைத்த சித்திரம் இது. 1961இல் ஃபொன்டானாவும் தாமஸும் அகச்சிவப்பு நிறமாலையால் இதற்கு எண் கொடுத்தார்கள். மெத்தாக்ரிலேட்டின் கார்போனைல் தொகுதி சிலிக்காவின் ஹைட்ராக்சிலோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டால் அதன் உறிஞ்சல் குறைந்த அலையெண் பக்கம் நகர்கிறது. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டில் 1730 செ.மீ⁻¹ அருகே இருக்கும் உச்சிக்குப் பக்கத்தில் 1710 அருகே ஒரு தோள் தெரியும். அந்தத் தோளின் பரப்பளவைக் கொண்டு, எத்தனை பங்கு துண்டங்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று கணக்கிடலாம். இன்றும் எந்த ஆய்வகத்திலும் ஒரு மதியத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது. எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் இதை முதலில் செய்துவிட வேண்டும் என்பேன்.

ஆனால் தொட்டுக்கொண்டிருப்பது வேறு, அசையாமல் இருப்பது வேறு. தொடும் துண்டம் மெதுவாக அசையும். அதற்கு அடுத்த துண்டம் கொஞ்சம் வேகமாக அசையும், ஏனென்றால் அதன் ஒரு பக்கம்தான் கட்டுண்டிருக்கிறது. காற்றை எட்டிப் பார்க்கும் வால், பரப்பையே தொடாத பருநிலைப் பாலிமரைவிடக்கூட (படலமாக்காமல் மொத்தமாக இருக்கும் பாலிமர்) வேகமாக அசையலாம். ஆகவே ஐந்து நானோமீட்டர் படலத்துக்குள் ஒரே வேகம் கிடையாது. வேகங்களின் பரவல்தான் உண்டு. அந்தப் பரவலைப் பரவலாகவே காட்டும் கருவிக்கும், அதைச் சராசரியாக்கி ஒற்றை எண்ணைக் கையில் கொடுக்கும் கருவிக்கும் இடையில்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சிலிக்கா கலந்த டயர் ரப்பரில் துகளைச் சுற்றியிருக்கும் ரப்பரின் அசைவு மட்டுப்படுகிறது. டயரின் உருளல் தடையிலும் ஈரச்சாலைப் பிடிப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. டொலுவீனில் ஊறவைத்தும் கரையாமல் துகளோடு தங்கிவிடும் ரப்பரை எடைபோட்டுப் பார்ப்பது ரப்பர் தொழிலில் பழைய சோதனை. பெயின்ட், பசை, மின்சுற்றுகளின் மேல் பூசும் காப்புப் படலம் என்று எல்லா இடத்திலும் இதே கேள்விதான்.

முதல் முடிவு: தூளா, வேஃபரா

கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் பரப்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். காரணம் வெறும் எடைதான். சிலிக்கான் வேஃபரில் (தட்டையான மெல்லிய சிலிக்கான் வட்டில்) ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 5 நானோமீட்டர் கனத்துக்குப் படலம் இருந்தால், அதிலுள்ள பாலிமரின் எடை சுமார் 0.6 மைக்ரோகிராம். என்.எம்.ஆர். சுருளுக்குள் அதை வைப்பதும் காலிக் குழாயை வைப்பதும் ஒன்றே. மாறாக, ஃப்யூம்ட் சிலிக்கா (சுடரில் தயாரிக்கும் மிக நுண்ணிய சிலிக்கா) தூளின் ஒரு வழக்கமான ரகத்துக்குக் கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்பு உண்டு. உள்ளங்கையில் அடங்கும் தூளில் இரண்டு பேட்மின்டன் மைதானத்துக்கும் அதிகமான இடம். சதுர மீட்டருக்கு ஒரு மில்லிகிராம் பாலிமர் ஒட்டினால், ஒரு கிராம் சிலிக்கா 200 மில்லிகிராம் பாலிமரைச் சுமக்கும். அந்த அளவில் படலத்தின் சராசரிக் கனம் ஒரு நானோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது, இடைமுகத்தைத் தவிர வேறெதுவும் அந்த மாதிரியில் இல்லை.

தூளின் பலவீனமும் தெரிந்ததே. பரப்பு தட்டையாக இல்லை. பத்துப் பதினைந்து நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள் உருகி ஒட்டிக் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. சங்கிலி நீளமாக இருந்தால் ஒரே சங்கிலி இரண்டு துகள்களுக்கு நடுவே பாலம் போட்டுவிடும். வேஃபரில் இந்தத் தொல்லைகள் இல்லை. கனத்தை நேராக அளக்கலாம், காற்றுப் பக்கம் எது, பரப்புப் பக்கம் எது என்பது தெளிவு. தேவை தட்டையான பரப்புதானா, அல்லது தட்டையான பரப்பின் மேல் வரும் கட்டுரைகள் அழகாக இருப்பதால் ஆசையா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நல்லது. டயர், பெயின்ட், கலவைப் பொருள் என்று நோக்கமிருந்தால் தூள்தான் உண்மையான பொருள். வேஃபர் அதன் மாதிரியுரு.

ஒட்டவைக்கும் முறையும் இரண்டுக்கும் வேறு. தூளுக்கு: பாலிமரை டொலுவீனில் கரைத்து, சிலிக்காவோடு சேர்த்து இரண்டு நாள் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் இறக்கி, மேலே நிற்கும் கரைசலை வடித்து, புதிய டொலுவீனால் கழுவி, வெற்றிட அடுப்பில் உலர்த்துவது. ஒட்டிய அளவை, சூடேற்றி எடை இழப்பை அளக்கும் டி.ஜி.ஏ. சொல்லிவிடும், பாலிமர் எரிந்து போகும், சிலிக்கா நிற்கும். வேஃபருக்கு: சுழற்றிப் படலம் போட்டு, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு (கண்ணாடிபோல் உறைந்த பாலிமர் ரப்பர்போல் இளகும் வெப்பநிலை; இனி மாற்ற வெப்பநிலை) மேலே பல மணி நேரம் சூட்டில் வைத்து, நல்ல கரைப்பானால் மீண்டும் மீண்டும் கழுவுவது. கழுவிய பின்னும் நிற்பது ஒட்டிய படலம். கிஸ்லான் 1992இல் இதற்குக் கோட்பாட்டுச் சட்டகம் அமைத்ததால் அவர் பெயரையே இந்தப் படலத்துக்கு வைத்திருக்கிறார்கள். எந்தக் கரைப்பான், எத்தனை முறை கழுவினோம் என்பதைப் பொறுத்து எஞ்சும் படலம் மாறும் என்பதைக் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கோகா குழு செய்த பணிகள் காட்டியிருக்கின்றன. குளோரோஃபார்முக்குத் தாக்குப்பிடிப்பது பரப்போடு தட்டையாகப் படிந்த சங்கிலிகள். தளர்வாகப் பிடித்திருப்பவை அதில் போய்விடும், டொலுவீனில் நின்றுவிடும். ஆகவே இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை ஒப்பிடும்போது கருவியைப் பார்ப்பதற்கு முன் கரைப்பானைப் பாருங்கள்.

டி.எஸ்.சி.: அவசரப்பட்டு ஒதுக்கக்கூடாத ஏழை

சாதாரண டி.எஸ்.சி.யில் ஒட்டிய படலம் எதுவும் காட்டுவதில்லை என்ற பேச்சு பரவலாக உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாத்திரத்தில் 10 மில்லிகிராம் தூள். அதில் பாலிமர் 1.7 மில்லிகிராம். கண்ணாடி நிலைமாற்றத்தில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டின் வெப்ப ஏற்புத்திறன் தாவுவது கிராமுக்கு, டிகிரிக்கு சுமார் 0.3 ஜூல். நிமிடத்துக்கு 3 டிகிரி வேகத்தில் சூடேற்றினால் தாவலின் உயரம் 25 மைக்ரோவாட். கருவி பார்க்கக்கூடிய அளவுதான் அது. சிக்கல் உயரத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. பருநிலையில் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முடியும் தாவல், ஒட்டிய படலத்தில் ஐம்பது டிகிரிக்கும் மேலாக இழுபடுகிறது. அடிக்கோடு ஏற்கெனவே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வோடு தாவல் கலந்து மறைந்துவிடும்.

இங்கேதான் வெப்பநிலையை அலையாக ஏற்றி இறக்கும் மாடுலேட்டட் டி.எஸ்.சி. உதவுகிறது. மீள்தன்மையுள்ள வெப்ப ஓட்டத்தைத் தனியே பிரித்தெடுத்து, அதை வெப்பநிலையைச் சார்ந்து வகையிட்டு வரைந்தால், தாவல் மேடாக மாறும். மேட்டைக் கண்ணால் பார்க்கலாம். ஃபிராங்க் பிளம் முதலில் மிசூரி-ரோலாவிலும் பிறகு ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் இந்த வழியைத்தான் பிடித்தார். சிலிக்காவில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் குறைவாக ஒட்டியிருக்கும்போது ஒரே மேடு, பருநிலையைவிட வெகு உயரத்தில், அகலமாக. ஒட்டிய அளவைக் கூட்டக் கூட்டப் பருநிலை வெப்பநிலைக்கு அருகே இரண்டாவது மேடு முளைக்கிறது. இறுகப் பிடித்தது, தளரப் பிடித்தது என்று இரண்டு பங்காகப் பிரித்து, இறுகிய பங்கு எவ்வளவு என்று மேடுகளின் பரப்பளவிலிருந்து கணக்கிடலாம். சதுர மீட்டருக்கு ஒரு மில்லிகிராமின் சுற்றுவட்டாரத்தில் அந்த இறுகிய பங்கு நிரம்பிவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது அளவீட்டின் நேர்மை. எவ்வளவு பாலிமர் என்ற கேள்விக்கு நேரடியான பதில் வருகிறது. பிடிக்காதது, இரண்டு நிலை என்று நாம் வெட்டுவது நம் வசதிக்காகத்தான் என்பது. உள்ளே இருப்பது படிப்படியான சரிவு. வெட்டுக்கோட்டை ஐந்து டிகிரி நகர்த்தினால் இறுகிய பங்கும் நகரும். அப்புறம், டி.எஸ்.சி. எத்தனை வேகம் என்று சொல்லாது. அதன் கடிகாரம், அதாவது அது உணரும் அசைவின் கால அளவு, ஒன்றே ஒன்று; சுமார் நூறு நொடி அளவிலானது.

மாதிரி தயாரிப்பில் ஓர் எச்சரிக்கை. சிலிக்காவில் தங்கிய டொலுவீனும் ஈரமும் பாலிமரை மென்மையாக்கி, மாற்ற வெப்பநிலையைக் கீழே இழுத்துவிடும். முதல் சூடேற்றத்தின் வரைபடத்தை வெளியிடாதீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

டியூட்டீரியம் என்.எம்.ஆர்.: விலை கூடியது, விடை நிறைந்தது

பாலிமரில் ஒரு குறிப்பிட்ட இடத்திலுள்ள ஹைட்ரஜன்களை டியூட்டீரியமாக மாற்றிவிட்டால், நிறமாலையில் அந்த இடம் மட்டுமே பேசும். சிலிக்காவின் நீரும் ஹைட்ராக்சிலும் குறுக்கே வராது. அசையாத ஒரு கார்பன்–டியூட்டீரியம் பிணைப்பு, தூள் நிலையில் இரண்டு கொம்புகள் கொண்ட நிறமாலை தரும். கொம்புகளுக்கு இடையில் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ். மெத்தில் தொகுதியில் மூன்று டியூட்டீரியம் இருந்தால், அந்தத் தொகுதி தன் அச்சில் எப்போதும் சுழன்றுகொண்டிருப்பதால் இடைவெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி 40 கிலோஹெர்ட்ஸ் அருகே நிற்கும். வெப்பநிலை ஏறி, முதுகெலும்புச் சங்கிலியே புரளத் தொடங்கும்போது கொம்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் நிரம்பி, இறுதியில் நடுவில் ஒரே ஒரு ஒல்லிக் கோடு மிஞ்சும்.

பருநிலை பாலிமெத்தில் அக்ரிலேட்டில் இந்த மாற்றம் சில டிகிரிகளுக்குள் மொத்தமாக நடக்கிறது. எல்லாத் துண்டங்களும் ஏறக்குறைய ஒன்றாகப் புரள்கின்றன. அதையே சிலிக்காவில் ஒட்டவைத்து எடுத்த நிறமாலைதான் இந்தத் துறையில் நான் மிகவும் ரசிக்கும் படம். கொம்புகள் இன்னும் நிற்கின்றன. அதே நேரத்தில் நடுவில் ஒல்லிக் கோடும் எழுந்துவிட்டது. வெப்பநிலையை இன்னும் ஏற்றினால் கொம்புகள் மெல்லத் தேய்ந்து நடுக்கோடு வளர்கிறது, பல பத்து டிகிரிகளுக்கு. ஒரே மாதிரியில், ஒரே வெப்பநிலையில், கண்ணாடியாக உறைந்த துண்டங்களும் ரப்பராகப் புரளும் துண்டங்களும் சேர்ந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறு கருவியில் கிடைப்பதில்லை. சராசரி எடுக்கும் கருவி இங்கே ஏதோ ஓர் இடைப்பட்ட எண்ணைத் தந்திருக்கும். அந்த எண்ணில் அசையும் துண்டம் எதுவுமே மாதிரியில் இல்லாமல்கூட இருக்கலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. டியூட்டீரியம் ஏற்றிய பாலிமரை ஒட்டவைத்து, அதன் மேல் டியூட்டீரியம் இல்லாத வேறொரு பாலிமரைப் போர்த்தினால், அடியிலுள்ள படலம் மட்டும் தெரியும். மேலே போர்த்திய பாலிஸ்டைரீன் அடிப்படலத்தின் வால்களைக் கட்டுப்படுத்துகிறதா என்ற கேள்விக்கு இப்படி விடை கண்டிருக்கிறார்கள், கட்டுப்படுத்துகிறது. டி.எஸ்.சி.யில் இரண்டு பாலிமர்களின் மேடுகளும் மோதிக்கொள்ளும் இடம் இது.

செலவைப் பார்ப்போம். பாலிமெத்தில் அக்ரிலேட்டுக்கு டியூட்டீரியம் ஏற்றிய மெத்தனாலை அக்ரிலாயில் குளோரைடோடு வினைப்படுத்தினால் மோனோமர் கிடைக்கும். அந்த மெத்தனால் என்.எம்.ஆர். கரைப்பானாகவே விற்பனையில் உள்ளது. பாலிவினைல் அசிடேட்டுக்கு, ஆல்கஹாலாக மாற்றி, டியூட்டீரியம் ஏற்றிய அசிட்டிக் அன்ஹைட்ரைடால் மீண்டும் அசிடேட்டாக்கலாம். வேதியியல் தெரிந்தவருக்கு இரண்டும் எளிது. கருவிதான் கடினம். கரைசல் என்.எம்.ஆர். எங்கும் இருக்கிறது, ஆனால் நமக்கு வேண்டியது அகலக்கோட்டு நிறமாலைக்கான திடநிலைப் புரோப் (மாதிரியை வைத்து அளக்கும் பகுதி). இரண்டு மூன்று மைக்ரோநொடியில் காந்தமயத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பும் சக்தி அதற்கு வேண்டும். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் டியூட்டீரியம் சுமார் 61 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, உணர்திறன் குறைவு. ஒவ்வொரு வெப்பநிலையிலும் பல மணி நேரம் சேகரிக்க வேண்டும். நிறமாலையை எண்ணாக மாற்ற, மாதிரிக் கணக்கீடும் தேவை. மெத்தில் அச்சு எந்தெந்தத் திசைக்குத் தாவுகிறது என்பதற்குக் கால்பந்தின் மூலைகளை எடுத்துக்கொண்டு கணக்கிட்ட குழுவும் உண்டு. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் கிட்டத்தட்ட எல்லாத் திசைகளையும் சமமாக மூடும் வழி அது.

என்.எம்.ஆர். தரும் மாற்ற வெப்பநிலை டி.எஸ்.சி. தருவதோடு பொருந்தவில்லை என்று பதறி வரும் மாணவர்கள் உண்டு. பொருந்தக்கூடாது. டி.எஸ்.சி.யின் கடிகாரம் நூறு நொடி. டியூட்டீரியம் நிறமாலை உணர்வது நொடியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. ஏழு பதின்மடங்கு, அதாவது ஒரு கோடி மடங்கு வேறுபாடு. அசைவின் வேகத்தை வெப்பநிலையோடு இணைக்கும் வில்லியம்ஸ்–லேண்டல்–ஃபெர்ரி சமன்பாட்டில் 17.44, 51.6 என்ற பொது மாறிலிகளைப் போட்டால், இந்த ஏழு பதின்மடங்குக்கு ஈடு சுமார் 35 டிகிரி. பருநிலையில் இந்த இடைவெளி வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் இரண்டு கருவிகளும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன.

டைஎலெக்ட்ரிக்: கடிகாரத்தைத் திருப்பும் வசதி

மேலே சொன்ன இரண்டுக்கும் ஆளுக்கொரு கடிகாரம்தான். டைஎலெக்ட்ரிக் நிறமாலையில் நூறு நொடியிலிருந்து மைக்ரோநொடி வரை ஒரே மாதிரியில், ஒரே நாளில் அளக்கலாம். படலம் மெலிய மெலியக் கொள்ளளவு பெரிதாகும் என்பதால் வேஃபர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது இயல்பான தேர்வு. மற்ற முறைகளில் சிறுத்தால் சமிக்ஞை குறையும், இங்கே தலைகீழ்.

ஆனால் மூன்று பொறிகள் உண்டு. பாலிமருக்கு இருமுனைத் திருப்புத்திறன் வேண்டும். பாலிவினைல் அசிடேட் அருமை, பாலிஸ்டைரீன் கஞ்சன். இரண்டாவது, மேல் மின்முனையாக அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசினால் காற்றுப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போகிறது. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே நசுங்கிய படலத்தை அளந்துவிட்டு ஒற்றைப் பரப்பில் ஒட்டிய படலம் என்று எழுதக்கூடாது. மூன்றாவதுதான் புதியவர்களை ஏமாற்றுவது. பத்து நானோமீட்டர் படலம், நான்கு சதுர மில்லிமீட்டர் மின்முனை, மின்கடவு மதிப்பு 3 என்றால் கொள்ளளவு சுமார் 10 நானோஃபாரட். மெல்லிய அலுமினியப் பட்டையின் மின்தடை 50 ஓம் என்று வையுங்கள். இரண்டும் தொடரில் சேர்ந்து 300 கிலோஹெர்ட்ஸ் அருகே ஓர் உச்சியைத் தரும். பாலிமரின் அசைவு தரும் தளர்ச்சி உச்சியைப் போலவே அது அழகாக இருக்கும், ஆனால் வெப்பநிலையோடு நகராது. நகராத உச்சி எதுவானாலும் மின்முனையைச் சந்தேகியுங்கள்.

காற்றுப்பக்கத்தை மீட்க லைப்சிக்கில் ஃபிரீட்ரிஷ் கிரெமர் குழு சிறு சிலிக்காத் தூண்களை இடைவெளித் தாங்கிகளாக வைத்து, படலத்தின் மேல் காற்று இடைவெளி விட்டு எதிர் மின்முனையை நிறுத்தினார்கள். 2013இல் அதே முறையில் சிலிக்காவின் மேல் தனித்தனியே சுருண்டு கிடந்த பாலி(2-வினைல் பிரிடின்) சங்கிலிகளையே அளந்துவிட்டார்கள். விடை பலருக்கும் ஏமாற்றமாக இருந்திருக்கும்: பெரும்பாலான துண்டங்கள் பருநிலையின் வேகத்திலேயே அசைந்தன, பரப்பிலிருந்து அரை நானோமீட்டருக்குள் இருந்தவை மட்டுமே மெதுவாயின. தொடுமிடத்தின் பாதிப்பு அவ்வளவு குட்டையானது என்றால், சிலிக்கா தூளில் பல பத்து டிகிரி உயர்வு வருவது எப்படி? தூள் மாதிரியில் சராசரிக் கனமே ஒரு நானோமீட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அங்கே அந்த அரை நானோமீட்டர் படலத்தின் பாதியை விழுங்கிவிடுகிறது. முரண் என்று தெரிவதில் பாதி இப்படிக் கனக் கணக்கிலேயே கரைந்துவிடும்.

ஒட்டிய தூளையே இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி டைஎலெக்ட்ரிக் அளக்கலாமே என்றால், அளக்கலாம். சிலிக்காவின் நீர் தனக்கென ஓர் உச்சி தரும். துகள் எல்லைகளில் மின்னூட்டம் தேங்கி இன்னோர் உச்சி தரும். அவற்றுக்கிடையே பாலிமரைத் தேட வேண்டும். பொறுமைசாலிகளுக்கு.

எலிப்சோமெட்ரி, அதன் புகழும் பழியும்

1994இல் கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் சிலிக்கான் மேல் பாலிஸ்டைரீன் படலங்களை எலிப்சோமீட்டரில் சூடேற்றி, 40 நானோமீட்டருக்குக் கீழே கனம் குறையக் குறைய மாற்ற வெப்பநிலை இறங்குகிறது என்று காட்டியதில்தான் இந்தத் துறையே சூடுபிடித்தது. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டைச் சிலிக்கான் ஆக்சைடின் மேல் போட்டால் அது ஏறுகிறது, தங்கத்தின் மேல் போட்டால் இறங்குகிறது என்றும் அவர்களே காட்டினார்கள். பரப்பின் பிடிமானம் முக்கியம் என்பதற்கு அதுவே போதுமான சான்று. எளிய கருவி, தொடாத அளவீடு, காற்றுப்பக்கமும் உண்டு.

என் தயக்கம் வேறு இடத்தில். இங்கே அளப்பது விரிவை. கனம்–வெப்பநிலைக் கோட்டில் சாய்வு மாறும் முறிவுப்புள்ளியைத்தான் மாற்ற வெப்பநிலை என்கிறோம். 5 நானோமீட்டர் படலத்தை ரப்பர் நிலையில் 50 டிகிரி சூடேற்றினால் அது விரிவது சுமார் 0.15 நானோமீட்டர், கண்ணாடி நிலையில் 0.05. ஓர் அணுவின் விட்டத்துக்குள் இரண்டு நேர்கோடுகளைப் பொருத்தி, அவை வெட்டும் இடத்தைப் பத்தில் ஒரு டிகிரி துல்லியத்தோடு அறிவிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பத்து நானோமீட்டருக்குக் கீழே கனமும் ஒளிவிலகல் எண்ணும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒன்றைக் கருதிக்கொண்டுதான் மற்றதைப் பெற முடியும். மேலும், முறிவு அகன்றால் இது டி.எஸ்.சி.யைவிட மோசமாகத் தடுமாறும்.

இந்தக் கருவியின் மேல் விழுந்த பழியில் பாதி நியாயமற்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2003இல் மிக வேகமான நானோ கலோரிமீட்டரில் கனத்தைச் சார்ந்த மாற்றம் எதுவும் தெரியவில்லை என்ற முடிவு வந்தபோது, முந்தைய அளவீடுகளே தவறு என்று பேச்சு கிளம்பியது. 2005இல் ஃபக்ராயும் ஃபாரஸ்ட்டும் குளிரூட்டும் வேகத்தை மாற்றிப் பார்த்தார்கள். மெதுவாகக் குளிர்த்தால் மெல்லிய பாலிஸ்டைரீன் படலத்தில் மாற்ற வெப்பநிலை இறங்குகிறது. நிமிடத்துக்கு 90 டிகிரிக்கு மேல் வேகம் போனால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. இருவரும் சரி, கடிகாரங்கள் வேறு. 2011இல் நப்போலித்தானோவும் வூபன்ஹோர்ஸ்ட்டும் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள்: படலத்தை நெடுநேரம் சூட்டில் வைத்தால் இறங்கியிருந்த வெப்பநிலை மெல்ல ஏறிப் பருநிலை மதிப்பை நோக்கித் திரும்புகிறது, பரப்பில் மீளாமல் ஒட்டும் சங்கிலிகள் பெருகுவதோடு அது கைகோத்துப் போகிறது. ஆகவே சூட்டில் வைத்த நேரத்தைச் சொல்லாத எலிப்சோமெட்ரி எண்ணை நான் ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை.

மற்றவை

நியூட்ரான் சிதறல் பைக்கோநொடி, நானோநொடி அசைவுகளை இடம்சார்ந்து காட்டும். கண்ணாடி நிலைமாற்றத்தின் மெதுவான உலகத்துக்கு வெளியே, பக்கத்தொகுதிகளின் துடிப்பைப் பார்க்க அதற்கு நிகரில்லை. மும்பை ட்ராம்பேயின் துருவா அணு உலை போன்ற இடத்தில் நேரம் கிடைத்தால், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த மாதிரியோடு போக வேண்டும். தெரியாத மாதிரியை அங்கே அறிமுகப்படுத்த வேண்டாம். ஒளிர் குறியீடு இட்ட அடுக்கைப் படலத்தின் வேண்டிய ஆழத்தில் புதைத்து அளந்த எலிசன்–டார்க்கல்சன் முறை 2003இல் வந்தது. காற்றுப்பக்கத்து 14 நானோமீட்டர் அடுக்கில் 32 டிகிரி இறக்கத்தைத் தனியே காட்டியது. ஆழத்தைச் சார்ந்த கேள்விக்கு அழகான வழி. ஆனால் ஒரு நானோமீட்டர் ஒட்டிய படலத்துக்குள் அடுக்குப் போட முடியாது.

இனி என் தேர்வு, ஆளுக்கு ஏற்றபடி

வேதியியல் துறையில் இருக்கிறீர்கள், மாடுலேட்டட் டி.எஸ்.சி. கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது என்றால், பாலிவினைல் அசிடேட்டையும் ஃப்யூம்ட் சிலிக்காவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மாற்ற வெப்பநிலை அறைச்சூட்டுக்குச் சற்று மேலே, 40 டிகிரி அருகே; குளிரூட்டும் துணைக்கருவி அதிகம் தேவைப்படாது, பாலிமர் சிதையும் உயரத்துக்கும் போக வேண்டியதில்லை. இருமுனைத் திறன் வலுவானது என்பதால் பின்னாளில் டைஎலெக்ட்ரிக் பக்கம் போகவும் வழி திறந்திருக்கும். ஈரத்தை இழுக்கும் குணம்தான் தொல்லை. ஒட்டிய அளவை ஐந்தாறு படிகளில் மாற்றி ஒரு தொடர் தயாரியுங்கள். ஒரே ஒரு ஒட்டிய மாதிரியும் ஒரு பருநிலை மாதிரியும் வைத்து எழுதிய கட்டுரைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. முதல் தொகுதியை டியூட்டீரியம் இல்லாமல் செய்து, டி.எஸ்.சி.யில் இறுகிய பங்கு எங்கே நிரம்புகிறது என்று கண்ட பிறகே டியூட்டீரியம் வாங்கப் பணம் கேளுங்கள். என்.எம்.ஆருக்கு அனுப்ப வேண்டியவை அந்த நிரம்பும் புள்ளிக்கு இருபுறமும் உள்ள இரண்டு மூன்று மாதிரிகள் மட்டுமே.

இயற்பியல் துறை, தூய அறை, ஆவிப்பூச்சுக் கருவி உள்ளவர்களுக்கு டைஎலெக்ட்ரிக். அங்கேயும் எலிப்சோமீட்டர் வேண்டும், கழுவிய பின் எஞ்சும் கனத்தை அளக்க. எந்தக் கருவியும் இல்லை, அகச்சிவப்பும் சாதாரண டி.எஸ்.சி.யும்தான் என்றால், இந்தத் தலைப்பில் அசைவைப் பற்றி எழுத வேண்டாம். தொடும் துண்டங்களின் பங்கு, ஒட்டிய அளவு, கரைப்பானைப் பொறுத்து அது மாறும் விதம் ஆகியவற்றை நேர்த்தியாகச் செய்யலாம். அதற்கும் இடம் இருக்கிறது.

வெளியூர்க் கருவியில் நேரம் வாங்கியவர்கள் ஒட்டிய மாதிரிகளை மட்டும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதே தொகுப்பில் தயாரித்த, அதே மூலக்கூறு எடையுள்ள பருநிலைப் பாலிமரும் கூடப் போக வேண்டும். அதே புரோப்பில், அதே வெப்பநிலைகளில் அதற்கும் நிறமாலை எடுக்க வேண்டும். பதிவு செய்யும் நேரத்தில் பாதியை அதற்கென்றே ஒதுக்கிக் கேளுங்கள். குழாய்களை வெற்றிடத்தில் உலர்த்தி, புறப்படும் முன்பே மூடி முத்திரையிட்டுவிடுங்கள்.